கவுன்சில் நம்பர் இருக்கும்போது ஐ.ஐ.ஏ. மெம்பர்ஷிப் எதுக்கு? ஒரு தஞ்சாவூர் அனுபவமும் சில கேள்விகளும்

தஞ்சை_முற்றம் (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். பி.ஆர்க் முடிச்சு ஏழு வருஷம் ஆச்சு. முதல் மூணு வருஷம் சென்னையில ஒரு ஆபீஸ், அப்புறம் நாலு வருஷமா தஞ்சாவூர்ல சொந்தமா பண்றேன். நானும் ஒரு டிராஃப்ட்ஸ்மேன் தம்பியும்தான் ஆபீஸ்.

போன மாசம் நடந்ததைச் சொல்லிட்டுக் கேள்விக்கு வர்றேன். வல்லம் ரோட்டுப் பக்கம் புது மனைப்பிரிவுல ஒரு வீடு. ஒன்றரை வருஷம் அந்த வீட்டோடயே இருந்தேன். அப்ரூவல் டிராயிங், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரோட உட்கார்ந்து கம்பி டீட்டெய்ல், ஜன்னல் ஒவ்வொண்ணுக்கும் தனி ஷீட். லின்டல் மட்டம் வரைக்கும் வாரம் ரெண்டு தடவை சைட்டுக்குப் போயிருக்கேன். சைட் வாசல்ல சின்னதா ஒரு பலகை வெச்சிருந்தேன். எழுத வந்த அண்ணன், “இவ்வளவு சின்ன எழுத்தா? ரோட்ல போறவங்களுக்குத் தெரியாதும்மா”ன்னார். எழுத்து 10 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாதுன்னு ஆர்க்கிடெக்ட்களுக்கான 1989 நடத்தை விதியில இருக்குன்னு சொல்லி, ஸ்கேல் வெச்சு அளந்து எழுத வெச்சேன்.

ரூஃப் கான்கிரீட் போட்ட மறுவாரத்திலிருந்து ஓனர் ஃபோன் எடுக்கல. நேர்ல போனேன். என் பலகை செங்கல் அடுக்குக்குப் பின்னாடி கவுந்து கிடந்துச்சு. அதே ரெண்டு கம்பத்துல இன்னொரு ஆர்க்கிடெக்ட் பேர். “அவர் இன்டீரியரும் சேர்த்துப் பண்ணித் தர்றார், நீங்க தப்பா நினைக்காதீங்க”ன்னு ஓனர் சொல்லிட்டுக் கார்ல ஏறிட்டார். பேசின ஃபீஸ்ல பாதிக்கு மேல பாக்கி.

நான் படிச்ச காலேஜ் சீனியர் ஒருத்தர்கிட்ட அழுதுட்டேன். அவர் சொன்னது: “ஐ.ஐ.ஏ.ல (இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஆர்க்கிடெக்ட்ஸ், நம்ம சங்கம்) சேர்ந்திருந்தா கேக்க நாலு பேர் இருந்திருப்பாங்க.” எனக்குப் புரியல. ஆர்க்கிடெக்ட்டா பதிவு பண்ணின கவுன்சில் நம்பர் இருக்கு, தவறாம புதுப்பிக்கிறேன். அதுக்கு மேல இன்னொரு சந்தா கட்டினா அந்தச் சங்கம் உண்மையில என்ன செய்யும்? பேருக்குப் பின்னாடி நாலு எழுத்துப் போட்டுக்கறதுக்கு மட்டும்னா எனக்கு வேண்டாம்.

---

மாசி_வீதி
ஞாயிறு, இரவு 10:55

தங்கச்சி, முதலில் ஒரு விஷயம். ஸ்கேல் வைத்து அளந்து பலகை எழுதிய ஆள் நீங்கள். அதற்காக ஒரு நாளும் வருத்தப்படாதீர்கள்.

மதுரையில் முப்பது வருடமாகத் தொழில் செய்கிறேன். இந்தக் குழப்பம் கிட்டத்தட்ட எல்லா இளையவர்களுக்கும் இருக்கிறது, காரணம் கல்லூரியில் இதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் என்பது 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தால் வந்த அரசு சார்ந்த அமைப்பு. பதிவேடு அதன் கையில். உங்கள் ‘சி.ஏ.’ எண்ணைக் கொடுப்பது, தவறு செய்தால் விசாரிப்பது, பெயரை நீக்குவது, கல்லூரிகளின் தரத்தைப் பார்ப்பது எல்லாம் அதன் வேலை. அதில் பதிவு செய்யாமல் இந்தியாவில் யாரும் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

ஐ.ஐ.ஏ. அதைவிட ரொம்பப் பழையது. 1917 மே மாதம் பம்பாயில், சர் ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்து வெளியே வந்த பையன்கள், ஓய்வு பெறவிருந்த தங்கள் பேராசிரியரை மனதில் வைத்து ஒரு மாணவர் சங்கமாக ஆரம்பித்தார்கள். கேட்வே ஆஃப் இந்தியாவை வடிவமைத்த ஜார்ஜ் விட்டெட்தான் முதல் தலைவர். 1922-இல் பம்பாய் ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் ஆனது, 1929 செப்டம்பரில் இன்றைய பெயர் வந்தது. இந்த நாட்டில் ஆர்க்கிடெக்ட் என்ற சொல்லுக்குச் சட்டப் பாதுகாப்பு வருவதற்கு 43 வருடம் முன்பே!

இந்த வரிசையைக் கவனியுங்கள். சட்டம் வந்து சங்கம் பிறக்கவில்லை. கேட்க நாதியில்லாத தொழிலுக்கு ஒரு சட்டம் வேண்டும் என்று கேட்க முதலில் ஒரு சங்கம் தேவைப்பட்டது. அந்தத் தொடர்பு இன்றும் சட்டத்திலேயே இருக்கிறது. கவுன்சிலில் ஐந்து ஆர்க்கிடெக்ட்டுகளை ஐ.ஐ.ஏ. தன் உறுப்பினர்களிலிருந்து தேர்ந்தெடுத்து அனுப்பும். அங்கே மத்திய அரசு ஆட்கள் உண்டு, மாநிலத்துக்கு ஒருவர் உண்டு, கல்லூரித் தலைவர்கள் உண்டு. தொழில் செய்கிறவன் ஓட்டுப் போட்டு ஆள் அனுப்ப அந்த ஐந்து இடங்கள்தான் வழி. நீங்கள் உறுப்பினராக இல்லாவிட்டால் அந்த ஓட்டு உங்களுக்கு இல்லை.

இப்போது உங்கள் வீட்டு விஷயம். உங்களிடம் இரண்டு தனித்தனி வழக்குகள் இருக்கின்றன, இரண்டையும் கலக்காதீர்கள். ஓனர் ஃபீஸ் தராதது ஒன்று. அது ஒப்பந்தப் பிரச்சினை. நோட்டீஸ் அனுப்பலாம், சிவில் கோர்ட்டுக்குப் போகலாம், மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். கவுன்சிலால் ஓனரை ஒன்றும் செய்ய முடியாது, அவர் ஆர்க்கிடெக்ட் இல்லையே. இன்னொன்று, உங்கள் இடத்தில் வந்தவர். அவர் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட் என்றால் நீங்கள் 10 சென்டிமீட்டருக்குப் பார்த்த அதே 1989 விதிகள் அவருக்கும் உண்டு. முன்பு இருந்தவரின் பணி முடிந்துவிட்டது என்பதற்கு ஆதாரம் வேண்டும், அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அதற்கு முன்னால் அந்த வேலையைத் தொடக் கூடாது.

உங்களுக்கு அப்படி ஏதாவது கடிதம் வந்ததா?

---

தஞ்சை_முற்றம்
ஞாயிறு, இரவு 11:10

இல்ல சார். கடிதமும் இல்ல, ஃபோனும் இல்ல. அப்படி ஒரு விதி இருக்கறதே இப்பதான் முழுசா தெரியுது. பலகை விதி மட்டும் எப்படியோ மனசுல நின்னுடுச்சு.

---

கோவை_காரைச்சுவர்
திங்கள், காலை 7:20

மாசி_வீதி சார் மேல மரியாதை உண்டுங்க. ஆனா இந்தப் பொண்ணுக்கு இன்னொரு பக்கமும் தெரியணும்.

நான் ஒன்பது வருஷம் மெம்பரா இருந்தேன். ஒரு பெரிய ஸ்கூல் கேம்பஸ் வேலைக்கு எங்க ஆறு பேரைக் கூப்பிட்டாங்க. ஆறு பேரும் முழு கான்செப்ட், த்ரீடி வியூ எல்லாம் பண்ணிக் கொடுத்தோம். ஒருத்தருக்கும் பத்து பைசா தரல. கடைசியில எங்க ஆறு பேரோட ஐடியாவையும் கலந்து உள்ளூர் பில்டர் ஒருத்தர் கட்டிட்டார். நடத்தை விதியில தெளிவா இருக்குங்க: கிளையண்ட் எத்தனை ஆர்க்கிடெக்ட்டை வேணா கலந்து பேசலாம், ஆனா ஒவ்வொருத்தருக்கும் அதுக்கான ஃபீஸ் கொடுக்கணும். காசு வாங்காம போட்டிக்கு டிசைன் பண்றது நம்ம பக்கத்துத் தப்பு. நான் உட்பட ஆறு பேரும் அந்தத் தப்பைப் பண்ணினோம்.

இதை ஊர்ல நடந்த கூட்டத்துல எந்திரிச்சுச் சொன்னேன். “இனிமே யாரும் சும்மா டிசைன் பண்ண மாட்டோம்னு எல்லாரும் ஒத்துக்கலாமா?”ன்னு கேட்டேன். பத்து நிமிஷம் பேசினாங்க. அப்புறம் டைல்ஸ் கம்பெனிக்காரர் பிரசன்டேஷன், அப்புறம் சாப்பாடு. அடுத்த கூட்டத்துல அந்தப் பேச்சே இல்ல. நான் சந்தா கட்டறதை நிறுத்திட்டேன்.

பெரிய விஷயத்துலயும் அதேதாங்க. டெல்லி பிரகதி மைதானத்துல ஆர்க்கிடெக்ட் ராஜ் ரேவாலும் இன்ஜினியர் மகேந்திர ராஜும் 1972-ல கட்டின ஹால் ஆஃப் நேஷன்ஸ் கண்காட்சி மண்டபம், அத்தனை பேர் கத்தியும் 2017 ஏப்ரல்ல ராத்திரியோட ராத்திரியா இடிச்சுட்டாங்க. சங்கம் குரல் கொடுத்து எது நின்னுச்சு, சொல்லுங்க.

---

நெல்லை_சிவில்
திங்கள், காலை 9:05

நான் ஆர்க்கிடெக்ட் இல்லை, சிவில் இன்ஜினியர். இருபத்திரண்டு வருடமாக வீடு கட்டுகிறேன். இழையைப் படித்ததும் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது.

2020 மார்ச் 17-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. நொய்டா ஆணையத்தில் ‘அசோசியேட் ஆர்க்கிடெக்ட்’ என்ற பதவிக்கு, ஆர்க்கிடெக்ட்டாகப் பதிவு செய்யாதவர்களைப் பதவி உயர்வில் கொண்டு வரலாமா என்ற வழக்கு. ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின் 37-ஆவது பிரிவு ஆர்க்கிடெக்ட் என்ற பெயரைத்தான் காக்கிறது, அந்த வேலையை மற்றவர்கள் செய்வதைத் தடுக்கவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. பதிவு இல்லாதவரை அந்தப் பெயருள்ள பதவியில் உட்கார வைக்கக் கூடாது என்றும் சொன்னது. ஆக, பிளான் போடுவது ஆர்க்கிடெக்ட்டுக்கு மட்டும் உரிய உரிமை இல்லை. தமிழ்நாட்டிலும் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி உள்ளாட்சியில் ஆர்க்கிடெக்ட்டும் பதிவு செய்கிறார், எங்களைப் போன்ற இன்ஜினியர்களும் பதிவு செய்கிறோம்.

இதை உங்களைக் குறைத்துச் சொல்வதற்காக எழுதவில்லை. சட்டம் உங்கள் பெயரை மட்டும் காக்கிறது என்றால், அந்தப் பெயருக்குள் என்ன தரம் இருக்கிறது என்று மக்களுக்குக் காட்டுகிற பொறுப்பு உங்கள் சங்கத்தின் மேல் வருகிறது. எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்காரரிடம் “ஆர்க்கிடெக்ட் எதற்கு?” என்று கேட்டுப் பாருங்கள், “எலிவேஷன் போட” என்பார். வெளிச்சம், காற்று, செலவு, பத்து வருடம் கழித்து மாடி எடுக்கிற யோசனை எதுவும் அவர் வாயில் வராது. கோவை அண்ணன் அந்தக் கூட்டத்தில் கேட்ட கேள்வியும் இதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று: கவுன்சிலில் எங்கள் இன்ஜினியர்கள் சங்கமும் இரண்டு பேரை நியமிக்கிறது. அந்த மேசையில் நாங்களும் உட்கார்ந்திருக்கிறோம்.

---

சேலம்_வீட்டுக்காரர்
திங்கள், மதியம் 1:30

வீடு கட்டப் போறவன் நான், தேடும்போது இந்த இழை கண்ணுல பட்டது. குறுக்கே பேசறதுக்கு மன்னிக்கணும்.

எங்க காண்ட்ராக்டர் பிளான் கொண்டு வந்தார். அதுல ஒரு ஆர்க்கிடெக்ட் சீல், கையெழுத்து எல்லாம் இருக்கு. “இவரை ஒரு தடவை பாக்கலாமா? கிச்சன் பத்திக் கேக்கணும்”னேன். “அவர் கையெழுத்துக்கு மட்டும்தான் சார், அதுக்கு ஒரு தொகை கொடுத்துட்டோம், பிளான் நம்ம பையன் போட்டது”ன்னார். அந்த ஆர்க்கிடெக்ட் என் மனையைப் பாக்கல. மனைக்குப் பின்னாடி ஓடை இருக்கறது அவருக்குத் தெரியாது. ஆனா என் வீட்டுக் காகிதத்துல அவர் பேர் இருக்கு.

இதைப் பத்தி உங்க சங்கம் என்ன சொல்லுது? எனக்கு அது ஒண்ணுதான் கேள்வி.

---

மாசி_வீதி
திங்கள், இரவு 8:45

சேலம் நண்பரே, குறுக்கே பேசவில்லை நீங்கள். எங்களுக்குள் நாங்கள் பேசாமல் தள்ளிப் போட்டதை நடுக் கூடத்தில் கொண்டு வந்து வைத்திருக்கிறீர்கள்.

கையெழுத்து விற்பது நடக்கிறது. எல்லா ஊரிலும் நடக்கிறது. வேலை இல்லாத மாதத்தில் வாடகை கட்ட ஒரு இளையவர் செய்வதும் உண்டு, பெரிய பெயர் உள்ளவர் செய்வதும் உண்டு. என் மனதில் பட்டதை அப்படியே சொல்கிறேன்: தன் கண் படாத டிராயிங்கில் கையெழுத்துப் போடுகிறவர் இந்தத் தொழிலை அறுத்து விற்கிறார். மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்களே, அந்த ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்து என் பழைய ஃபைல்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நான் கையெழுத்துப் போட்டதில் எதை முழுதாகப் பார்த்தேன், எதை நம்பிக்கையில் போட்டேன் என்று. தூங்கவில்லை.

இப்போது 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் சுயசான்று முறை வந்துவிட்டது. 2,500 சதுர அடி வரைக்குமான மனையில் 3,500 சதுர அடி வரைக்கும் வீடு என்றால், அதிகாரி முன்கூட்டி வந்து பார்க்காமலே ஆன்லைனில் அனுமதி. மக்களுக்கு அது நிம்மதிதான், அலைச்சல் இல்லை. ஆனால் நடுவில் இருந்த ஒரு ஜோடிக் கண் போய்விட்டது. மீதி இருப்பது வரைகிறவரின் கண்ணும் மனச்சாட்சியும். அந்த இடத்தில் எங்கள் சங்கத்துக்கு வேலை கூடியிருக்கிறது என்பது என் எண்ணம்.

கவுன்சில் விசாரிக்க யாராவது புகார் எழுத வேண்டும், ஆவணம் வேண்டும், மாதக்கணக்காகும். ஐ.ஐ.ஏ.வின் உள்ளூர் மையத்தில் அப்படி இல்லை. யார் யாருக்குக் கையெழுத்து விற்கிறார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். எதிரே உட்கார வைத்து, “இது வேண்டாம், வேலை இல்லை என்றால் சொல், நாங்கள் தருகிறோம்” என்று சொல்ல ஒரே தொழிலில் இருக்கிறவனால்தான் முடியும். 2019-இல் நாங்கள் நான்கு பேர் ஒரு பையனிடம் அப்படிப் பேசினோம். என் வேலையில் பாதியை அவனுக்குப் பிரித்துக் கொடுத்தேன். இன்று அவன் நன்றாக இருக்கிறான், அந்த வேலையை விட்டுவிட்டான். ஒரே ஒருவன்தான், ஊரில் இன்னும் எத்தனையோ பேர் என்பது எனக்குத் தெரியும்.

உங்களுக்குச் சொல்வது: அந்தக் கையெழுத்துக்குக் கீழே பதிவு எண் இருக்கும். கவுன்சில் இணையதளத்தில் அந்தப் பெயரைத் தேடலாம். நேரே அவருக்கே ஃபோன் போடுங்கள். “என் மனைக்குப் பின்னால் ஓடை இருக்கிறது, வந்து பாருங்கள்” என்று சொல்லுங்கள். அவர் வரவில்லை என்றால் அந்தப் பிளானில் கட்டாதீர்கள்.

கோவைத் தம்பிக்கு: ஹால் ஆஃப் நேஷன்ஸ் விஷயத்தில் நாம் தோற்றோம், மறுக்கவில்லை. கட்டடத்துக்கு 60 வயது ஆகவில்லை, அதனால் பாரம்பரியப் பட்டியலில் வராது என்றார்கள். 45 வயதில் போய்விட்டது. பிறகு ராஜ் ரேவால் பதிப்புரிமைச் சட்டத்தை வைத்து வழக்குப் போட்டார். 2019 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம், தன் இடத்தில் உள்ள கட்டடத்தை முழுதாக இடிக்கிற உரிமையாளரை ஆர்க்கிடெக்ட் தடுக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அதன் பிறகு, வடிவமைத்தவர் தனி ஆளாக நின்று தன் கட்டடத்தைக் காக்க வழி கிட்டத்தட்ட அடைந்துபோனது. புதிய கட்டடங்களும் பட்டியலுக்குள் வர விதி மாற வேண்டும். அதை யார் போய்க் கேட்பது? வடிவமைத்தவர் கேட்டால் “உன் கட்டடம், அதனால் கேட்கிறாய்” என்பார்கள்.

நீங்கள் சந்தாவை நிறுத்தியதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் எழுந்து கேட்ட ஒரே ஆளும் வெளியே போய்விட்டார் என்பதுதான் எனக்கு வருத்தம்.

---

தேம்ஸ்_கரை
செவ்வாய், அதிகாலை 3:15

லண்டனில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். இங்கேயும் இரண்டு அமைப்புகள்தான். பதிவேடு வைத்திருக்கும் வாரியம் ஒன்று, 1834-இல் தொடங்கிய ரிபா என்ற சங்கம் இன்னொன்று. பதிவு கட்டாயம், ரிபா விருப்பம். இங்கும் சட்டம் காப்பது பெயரை மட்டும்தான்.

நான் சேரலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டே இருந்தேன். 2017 ஜூன் 14 அன்று இங்கே கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு எரிந்தது. 72 பேர் இறந்தார்கள். 24 மாடிக்கு ஒரே ஒரு படிக்கட்டு. வெளியே ஒட்டியிருந்த தகடு தீயை மேலே ஏற்றிக்கொண்டு போனது. அந்த வாரம் எங்கள் ஆபீஸில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. நாங்களும் அப்போது உயரமான குடியிருப்பு ஒன்றை வரைந்துகொண்டிருந்தோம், அதற்கும் ஒரே படிக்கட்டுதான், விதிப்படி அது சரி.

அதற்குப் பிறகு ரிபா ஒரு நிபுணர் குழு அமைத்து, எரியக்கூடிய தகட்டைத் தடை செய், ஸ்பிரிங்க்ளர் போடு, உயரமான கட்டடத்துக்கு இரண்டாவது படிக்கட்டுக் கட்டாயம் ஆக்கு என்று விடாமல் கேட்டது. தகட்டுத் தடை 2018-இல் வந்தது. இரண்டாவது படிக்கட்டுக்கு வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில் 2023 ஜூலையில்தான், 18 மீட்டருக்கு மேல் உள்ள புதிய குடியிருப்புகளுக்கு அது கட்டாயம் என்று அரசு அறிவித்தது. தீயணைப்புத் துறையினரும் கேட்டார்கள், மற்றவர்களும் கேட்டார்கள், ரிபா மட்டும் சாதித்தது என்று சொல்லவில்லை. ஆனால் நினைத்துப் பாருங்கள்: இரண்டாவது படிக்கட்டு வைத்தால் ஒவ்வொரு மாடியிலும் விற்கிற இடம் குறையும். எங்கள் ஆபீஸ் மட்டும் தனியாகப் போய்ச் சொல்லியிருந்தால் பில்டர் அடுத்த ஆபீஸுக்குப் போயிருப்பார். எல்லா ஆர்க்கிடெக்ட்டும் சேர்ந்து ஒரே வார்த்தையாகச் சொன்னதால் போக வேறு ஆபீஸ் இல்லாமல் போனது.

நான் 2018-இல் சேர்ந்தேன்.

---

டிரெய்னி_2023
செவ்வாய், காலை 11:50

எல்லாரும் பெரியவங்க, நான் போன வருஷம்தான் பதிவு பண்ணேன். ஒரு விஷயம் யாரும் பேசலை.

டிரெய்னிங் பண்ணின ஆபீஸ்ல ஆறு மாசத்துக்கு ஒரு ரூபா தரல. காலைல ஒன்பதுக்குப் போனா சப்மிஷன் இருக்கற நாள்ல ராத்திரி ரெண்டு. ஹாஸ்டல் வாடகைக்கு அம்மா நகை அடகு வெச்சாங்க. இப்ப வேலை பாக்கற இடத்துல சம்பளம் வருது, ஆனா எங்க ஏரியா டைல்ஸ் மேஸ்திரி என்னைவிட நாள் கூலி அதிகமா வாங்கறார். அவருக்கு அது நியாயம்தான், கைவேலை. எனக்கு எது நியாயம்னு சொல்ல ஆள் இல்லை.

கமிட்டியில இருக்கறவங்க எல்லாரும் ஆபீஸ் வெச்சிருக்கறவங்க. சம்பளம் கொடுக்க வேண்டியவங்களே சங்கத்தை நடத்தினா சம்பளம் வாங்கறவன் எங்க போய்ப் பேசறது? கிளையண்ட் நமக்கு ஃபீஸ் தரலைன்னு இத்தனை வருத்தப்படறோம். நாம டிரெய்னிக்குத் தராதது?

---

கோவை_காரைச்சுவர்
செவ்வாய், மதியம் 12:20

தம்பி, என்னோட ஆபீஸ்லயும் 2021 வரைக்கும் டிரெய்னிக்குக் காசு தரலைங்க. கத்துக் கொடுக்கறோமேன்னு நினைச்சேன். உங்கம்மா நகையைப் படிச்சதுக்கப்புறம் அந்தப் பேச்சு எனக்கே நல்லா இல்ல. இப்ப தர்றேன், குறைச்சல்தான்.

---

மாசி_வீதி
செவ்வாய், இரவு 9:30

டிரெய்னி தம்பி கேட்டதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கமிட்டியில் இருந்திருக்கிறேன், அங்கே இந்தப் பேச்சை நானும் எடுத்ததில்லை. கட்டணத்துக்குக் கவுன்சில் ஒரு அட்டவணை வைத்திருக்கிறது, எந்த நிலையில் எவ்வளவு வாங்க வேண்டும் என்று படிப்படியாகச் சொல்கிறது. ஆபீஸில் வேலை செய்கிறவனுக்கு இவ்வளவு தர வேண்டும் என்று அதே அளவுக்கு யாரும் எழுதி வைக்கவில்லை. சங்கம் செய்யக்கூடியது. சட்டம்கூட வேண்டாம், ஒரு ஊர் மையத்தில் இருபது ஆபீஸ் சேர்ந்து “இதற்குக் கீழே தர மாட்டோம்” என்று கையெழுத்துப் போட்டால் அடுத்த ஊர் திரும்பிப் பார்க்கும்.

தங்கச்சி, ஒரு விஷயம். உங்கள் இடத்தில் வந்தவர் பெயரைப் பொதுவில் எழுதாதீர்கள், நல்லது. தனிமடலில் அனுப்புங்கள். அந்தப் பக்கத்து மையத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் உறுப்பினரா இல்லையா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

---

தஞ்சை_முற்றம்
பதினெட்டு நாள் கழித்து, சனி, இரவு 8:10

நடந்ததைச் சொல்லணும்னு வந்தேன், எல்லாருக்கும் நன்றிக்கடன் பட்டிருக்கேன்.

மாசி_வீதி சார் சொன்னவர் ஒருத்தர், எழுபது வயசுக்கு மேல இருக்கும், எங்க ரெண்டு பேரையும் தன் ஆபீஸ் மாடிக்குக் கூப்பிட்டார். மொத்தம் அஞ்சு பேர். அந்த இன்னொரு ஆர்க்கிடெக்ட் என்னைவிட நாலஞ்சு வயசுதான் பெரியவர். கோவமா வருவார்னு நினைச்சேன். உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “பழைய ஆர்க்கிடெக்ட்டுக்கு செட்டில் பண்ணியாச்சுன்னு ஓனர் சொன்னார், நான் நம்பிட்டேன்.” என் டிராயிங் ஷீட் எல்லாம் அவர்கிட்ட இருந்துச்சு, மூலையில என் பேரோட. அதைப் பாத்தும் ஏன் ஒரு ஃபோன் பண்ணலன்னு பெரியவர் கேட்டார். அவர் பதில் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, “பண்ணியிருக்கணும்”னார்.

அங்கேயே எனக்கு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். என் பாக்கி தீர்ற வரைக்கும் அந்த வீட்டுக்கு அடுத்த டிராயிங் தர மாட்டேன்னு ஓனருக்கும் தானே சொல்லிட்டார். பத்து நாள் ஓனர் குதிச்சார். வேற ரெண்டு பேர்கிட்ட போயிருக்கார், ரெண்டு பேரும் “முதல்ல அவங்களுக்கு முடிச்சுட்டு வாங்க”ன்னு அனுப்பிட்டாங்க. அந்த ரெண்டு பேரும் மையத்து மெம்பர்ஸ். நேத்து முக்கால்வாசிப் பணம் வந்துச்சு. மீதிக்குத் தேதி போட்டு எழுதிக் கொடுத்திருக்கார். வந்தா பாக்கலாம், வரலைன்னா நோட்டீஸ்தான்.

வீடு என் கையை விட்டுப் போயிடுச்சு. மேற்குப் பக்க ஜாலியை (துளை விட்டுக் கட்டின சுவரை) எடுத்துட்டு அங்க ஒரு பெரிய கண்ணாடி போடறாங்க, வெயில் நேரா ஹாலுக்குள்ள இறங்கும். அது இன்னும் வலிக்குது. அதுக்கு எந்தச் சங்கமும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு புரியுது.

ஐ.ஐ.ஏ. ஃபார்ம் நிரப்பிட்டேன். அடுத்த சனிக்கிழமை மையத்துல கூட்டம், அங்க ரெண்டு விஷயம் பேசறதா சொல்லியிருக்கேன். ஒண்ணு, டிரெய்னி சம்பளம். இன்னொண்ணு, சேலம் சார் சொன்ன கையெழுத்து. எனக்குக் கூட்டத்துல பேசிப் பழக்கமே இல்ல, எழுதி வெச்சுப் படிக்கப் போறேன். டிரெய்னி தம்பி, உங்க கணக்கு எனக்கு வேணும். எத்தனை மணி நேரம் வேலை, ஹாஸ்டல் வாடகை எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, எல்லாம் எழுதி அனுப்புங்க. பேர் போட மாட்டேன்.

---

சேலம்_வீட்டுக்காரர்
சனி, இரவு 8:40

மேடம், சந்தோஷமா இருக்கு. என் பக்கத்துச் செய்தி: பதிவு எண்ணைத் தேடி அந்த ஆர்க்கிடெக்ட்டுக்கு ஃபோன் போட்டேன். முதல்ல தயங்கினார். மறுநாள் காலைல ஆறு மணிக்குத் தனியா வந்து மனையைப் பாத்திருக்கார், பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க. அப்புறம் அவரே கூப்பிட்டு, அஸ்திவாரம் மாத்தணும், மண் பரிசோதனை பண்ணாம தொடாதீங்கன்னார். அந்தப் பழைய பிளானைத் திரும்பக் கேட்டு வாங்கிட்டார்.

---

டிரெய்னி_2023
சனி, இரவு 9:05

அக்கா, கணக்கு இன்னைக்கு ராத்திரியே அனுப்பறேன். எங்க பேட்ச்ல இன்னும் பதினொரு பேர்கிட்ட கேட்டு வாங்கறேன். கூட்டத்துக்கு மெம்பர் இல்லாதவங்க வரலாமா?

---

தஞ்சை_முற்றம்
சனி, இரவு 9:12

வரலாம், கேட்டுட்டேன். ஆறரை மணி, மாடி ஹால். பின் வரிசையில உட்கார வேண்டாம், முன்னாடி வாங்க, நான் படிக்கும்போது தெரிஞ்ச முகம் ஒண்ணு எதிர்ல இருக்கணும்.